நரிப்பொட்டி

நரிப்பொட்டிக்குள் இருந்த ஆட்டுக்குட்டி கிழடாகிவிட்டது என்பதைத் தொரட்டிவலசில் முதலில் கண்டுகொண்டவை நரிகள்தான். பிறகு ஆடுகள் கண்டுகொண்டன, அதற்கும் பிறகு நாய்கள். எல்லாம் நடந்து முடிந்தபின் ஓடிவந்து என்னாச்சு என்னாச்சு என்று கேட்பவர்களும், கேட்ட வாய் மூடுவதற்குள் எனக்கு அப்பவே தெரியும் என்று சொல்பவர்களுமான நாங்கள் கடைசியாகத்தான் கண்டுகொண்டோம்.

எங்களுடையது மழையை நம்பிப் பிழைக்க முடியாத மண். கிளுவை முள்வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் புல் முளைக்கும், வெள்வேல மரம் நிழல் கொடுக்கும், புல்லைச் செம்மறி தின்னும், செம்மறியை நரி தின்னும், நரி விட்டுவைத்ததை வைத்து நாங்கள் காலம் தள்ளுவோம். நரி இடம் போனால் என்ன வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பார்கள். எங்கள் நரிகள் இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை, நேராகப் பட்டிக்குள் வந்து ஈன்ற ஈரம் காயாத குட்டியாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போயின.

அப்படியொரு காலத்தில்தான் எங்கள் ஊர் நாச்சிமுத்துவின் மச்சான், கப்பலில் வேலை பார்த்தவர், அந்தப் பொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சாம்பல் நிறத்தில் புனல் வாய் வைத்த பொட்டி. பாட்டரி போட்டு அமுக்கினால் அடிபட்ட முயல் அழுகிற சத்தம் வரும். அவர் அதை வாங்கிய நாட்டில் அதைக் கேட்டு நரி ஓடி வருமாம், மறைவில் உட்கார்ந்து சுட்டுவிடுவார்களாம். எங்கள் நரிகள் அந்த முயலின் அழுகைக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை. கடல் கடந்த துக்கம் இங்கே யாரை உலுக்கியிருக்கிறது, நரியை உலுக்குவதற்கு. நாச்சிமுத்து யோசித்துப் பார்த்து, முயலை அழித்துவிட்டு, அந்த இடத்தில் உள்ளூர் ஆட்டுக்குட்டியின் அழுகையைப் பிடித்துப் போடுவது என்று முடிவு செய்தார்.

குட்டி பாவாயக்காவுடையது. நாச்சிமுத்துவின் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். அவளுடைய வெள்ளச்சி என்ற ஆடு அப்போதுதான் ஈன்றிருந்தது. வெள்ளச்சியைக் கண் மறைவில் கட்டிப்போட்டுவிட்டு, குட்டியைப் பொட்டிக்கு முன்னால் நிறுத்திக் காதைத் திருகினார்கள். குட்டி அழுதது, பொட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, விளக்கு அணைந்தபோது குட்டியின் வாய் திறந்தபடியே இருக்க அதன் சத்தம் முழுவதும் பொட்டிக்குள் போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து அது ஊமை. குரலில்லாத குட்டியை வெள்ளச்சி தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாமல் முட்டித் தள்ளியது. பாவாயக்கா புட்டியில் ஊட்டிய பாலைக் குடித்துக்கொண்டு ஆடி மாதம்வரை இருந்த குட்டி, பிறகு செத்துப்போனது.

குரல் சாகவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் நாச்சிமுத்து தன் கொறங்காட்டில் இருக்கும் தண்ணீரில்லாத கிணற்றுக்குள் பொட்டியைக் கயிற்றில் இறக்கி, கிணற்று வாயில் சோளத்தட்டைப் பரப்பிவிட்டு, வேலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். குட்டி கிணற்றுக்குள்ளிருந்து அழும், நரி ஓடிவரும், சோளத்தட்டில் கால் வைக்கும், விழும். துப்பாக்கி வைத்தால் சட்டம் கேள்வி கேட்கும். நரி தானாக விழுந்தால் யார் என்ன கேட்க முடியும்? காலையில் நாலு பேர் கல்லோடு போவார்கள், அதை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. குட்டியை முட்டித் தள்ளிய அதே வெள்ளச்சி, கிணற்றுக்குள்ளிருந்து அழுகை கேட்டதும் பட்டிப் படலைத் தாண்டிக்கொண்டு ஓடிப்போய்க் கிணற்றங்கரையில் நின்று பதில் குரல் கொடுத்தது. தாய் நிற்கிற இடத்துக்கு நரி வரத் தயங்கியது. அதனால் பொட்டி பாடுகிற நேரத்தில் தாயாட்டைக் கட்டிப்போட வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. பாவாயக்காதான் தினமும் கட்டினாள். நீ போனா நரி வராது, சும்மா நில்லு என்று சொல்லிச் சொல்லிக் கட்டினாள். வெள்ளச்சி கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்து மயிர் போய், தோல் போய், புண்ணாகிப் புழு வைத்து, அடுத்த மழைக்கு முன்னால் செத்தது. வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. ஊரில் குட்டி போட்ட ஆட்டையெல்லாம் பொழுது சாய்ந்தால் கட்டிப்போட்டோம், எதற்கென்று கேட்டால் அது அப்படித்தான் என்றோம்.

வருசங்கள் போகப் போகப் பொட்டிக்குள் இருந்த குட்டி வளர்ந்தது. மெல்லிய குரல் தடித்தது. இந்நேரம் பல் போட்டிருக்கும் என்று ஒருவர் சொல்ல, இந்நேரம் சினை பிடித்திருக்கும் என்று இன்னொருவர் சொல்ல, கார்த்திகையில் மயிர் கத்தரிக்கும்போது பொட்டிக்கு முன்னாலும் கத்தரியை ஒரு முறை கிச்சுக் கிச்சு என்று ஆட்டிக் காட்டுவதை நாங்கள் வைத்துக்கொண்டோம். பெரிய ஆட்டின் குரலுக்கும் நரி வரத்தான் செய்தது, கொஞ்சம் மெதுவாக வந்தது. பிறகு ஒரு பங்குனியில் பொட்டி இருமியது. நரிகள் கிணற்றைச் சுற்றி வந்து, சோளத்தட்டில் கால் வைக்காமல், சாகக் கிடக்கிற பெரியவர் வீட்டுக்கு வந்த ஒறம்பரைச் சொந்தங்கள்போலச் சற்று நேரம் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து நேராகப் பட்டிகளுக்குப் போயின. அந்த மாதம் குட்டி பறிகொடுக்காத பட்டி ஊரில் இல்லை.

ரேஷன் கடைக்கு முன்னால் கூட்டம் போட்டோம்.

"பாட்டரிய மாத்திப் பாத்தீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ள இருக்கற ஆட்டுக்கு வயசாயிருச்சுங்கறேன், பாட்டரிங்கறீங்களே. உங்கப்பாவுக்குப் பாட்டரி போட்டா எந்திரிச்சு ஓடுவாரா? பொட்டிய மாத்தியே ஆகோணும்."

மாற்றுவது என்று முடிவாயிற்று. பழைய பொட்டிக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று பெண்கள் சொன்னதால் பாட்டரியைக் கழற்றி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, ஊர் எல்லையிலுள்ள கன்னிமார் கோயில் மேடையில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். பாட்டரி இல்லாமலும் அது பொழுது சாய்ந்தால் இருமிக்கொண்டு ஒரு முறை இரண்டு முறை கூப்பிடும். வயதானவர்கள் அப்படித்தான் என்று நாங்கள் பழகிக்கொண்டோம்.

புதுப் பொட்டியைச் செல்போனில் பார்த்து வரவழைத்தது நாச்சிமுத்துவின் மகன் லோகு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவான். கறுப்பாக, கைக்கு அடக்கமாக, நாலு பக்கமும் வாய் வைத்து வந்திருந்தது பொட்டி. அதற்குள் ஊர்பேர் தெரியாத மிருகங்களெல்லாம் வரிசையாக அழுதன. எங்கள் நரிகள் ஒன்றுக்கும் அசையவில்லை. மறுபடியும் ஒரு குட்டியின் குரலைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

யார் குட்டி? எல்லாருக்கும் தெரியும், கொடுத்த குரல் திரும்பாது. என் குட்டி சவலை என்றார் ஒருவர், என்னுடையது நேர்த்திக்கடனுக்கு விட்டது என்றார் இன்னொருவர். கடைசியில் நாச்சிமுத்துவே தன் பட்டியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் கட்டினார்.

அன்றைக்கு நடந்த பிசகு இதுதான். வாசலில் பொட்டியை வைத்துச் சிவப்பு விளக்கை எரிய விட்டாயிற்று, காதைத் திருகியாயிற்று, குட்டி அழவில்லை. பிடிவாதமாகப் பொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டுக்குள் தொட்டிலில் லோகுவின் மகள் தாரணி, இன்னும் நடக்கத் தொடங்காத குழந்தை, பசியில் விழித்து அழ ஆரம்பித்தது. அதன் தாய் மேகலா தெருக்குழாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். குழந்தைச் சத்தம்தானே, அப்புறம் அழித்துக்கொள்ளலாம், இதோ இப்போது குட்டி கத்திவிடும் என்று காதை இன்னொரு திருகு திருகினார். அழுகை உள்ளே ஏறிக்கொண்டே இருந்தது. விளக்கு தானாக அணைந்தது. அதன் பிறகுதான் அந்தச் சனியன் பிடித்த ஆட்டுக்குட்டி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது.

மேகலா குடத்தோடு வந்தபோது குழந்தை தொட்டிலில் முகம் சிவக்க வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. சத்தம் இல்லை.

"மாமா, பாப்பா அழுகறா, சத்தமே வரலீங்க."

நாச்சிமுத்து பொட்டியைப் பார்த்தார். "இதுக்குள்ள போயிருச்சு அம்மிணி" என்றார், கன்றுக்குட்டி பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விட்டது என்று சொல்கிற குரலில்.

"எடுத்துக் குடுங்க."

எப்படி எடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. குழந்தைக்கு முன்னால் பொட்டியை வைத்து அமுக்கினார், கேட்டால் திரும்பி வந்துவிடும் என்று. பொட்டிக்குள்ளிருந்து தாரணி அழுதாள். தொட்டிலில் இருந்த தாரணி அதை வெறித்துப் பார்த்தாள். தெருவில் நாய்கள் ஒதுங்கிப் போக, வெயில் இன்னும் முழுசாக இறங்காத அந்த நேரத்தில், இதுவரை ஊருக்குள் கால் வைக்காத தொலைவுக் காட்டு நரிகள்கூட வரிசையாக வந்து நாச்சிமுத்துவின் வாசலில் நின்றன. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அத்தனை நரியை அதுவரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. எங்கள் மனதில் அந்த நிமிடம் என்ன ஓடியது என்று ஒருவர் மற்றவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

குழந்தையைக் கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். பொட்டியைத் தாராபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேகலா கொண்டுபோனாள். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ரெண்டு வழிதானுங்க இருக்குது. வெச்சுக்கலாம், இல்லீன்னா அழிச்சரலாம். திருப்பிக் குடுக்கறதுக்குன்னு ஒரு பட்டன் வெக்கலீங்க" என்றார். மேகலா பொட்டியைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தாள். எங்கேயாவது விரல் பட்டு அழிந்துவிடுமோ என்று வழியெல்லாம் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழ முடியாத பிள்ளைக்கு எப்போது பசிக்கிறது, எப்போது வயிறு வலிக்கிறது, எப்போது எறும்பு கடிக்கிறது என்று தெரிந்துகொள்ள மேகலா அதன் முகத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டியதாயிற்று. அடுப்பில் வேலையாக இருந்தாலும் முகம் தொட்டில் பக்கம் திரும்பியிருக்கும். மற்ற பெண்கள், நாங்கள்தான், எங்க வீட்டுது ராவெல்லாம் கத்தித் தொலைக்குது, உனக்கு அந்தத் தொந்தரவு இல்லை பார் என்றோம். ஆறுதலாகத்தான் சொன்னோம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததும் ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

பொட்டியைத் தொடக் கூடாது என்றுதான் முதலில் எல்லாரும் பேசிக்கொண்டது. அப்புறம் ரேஷன் கடைக்கு முன்னால் ஒரு பெரியவர், அவர் பட்டியில் அந்த வாரம்தான் குட்டி போயிருந்தது, இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்றார். குரலும் அப்படித்தான், உள்ளேயே போட்டு வைத்தால் வற்றிப்போகும், குழந்தையின் நல்லதுக்காகவே தினம் கொஞ்சம் ஓட விட வேண்டும் என்றார். இதைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. நல்ல வார்த்தை எப்போதும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிற பக்கமிருந்துதான் வருகிறது. லோகுவும், "பெரியவங்க சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குது மேகலா" என்றான். சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய்விட்டான்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் கிணற்றுக்குள் தாரணி அழுதாள். ஒரு நாள் மேகலா பொட்டியை ஒளித்துவைத்துவிட, குழந்தைக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வந்தது. பல் முளைக்கிற காய்ச்சல்தான். ஆனால் பாத்தியா, பாத்தியா என்று வாசலில் கூடிவிட்டோம், அவளே பயந்துபோய்ப் பொட்டியை எடுத்துக் கொடுத்தாள். நாச்சிமுத்து காது வலி என்று சொல்லிக்கொண்டு தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சை இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு போய்ப் பொட்டியை இறக்கினார். அதற்குப் பிறகு ஊரில் ஒரு குட்டி போகவில்லை. பட்டிகள் நிறைந்தன. குழந்தைக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, ஆளுக்கொரு சட்டை, ஆளுக்கொரு கொலுசு. கோயில் நோம்பிக்குப் பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கும்போது முதல் மரியாதை அந்தக் குழந்தைக்குத்தான். ஊரைக் காக்கிற பிள்ளை என்று அதற்குக் கன்னத்தில் மை வைத்தார்கள். மற்றக் குழந்தைகள் மாலையில் அழுதால் நரிப்பொட்டியின் சத்தத்தோடு கலந்துவிடும் என்று வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினோம்.

மேகலாவுக்குத்தான் மாலை வருவது பெரிய பாடாக இருந்தது. கிணற்றிலிருந்து சத்தம் கிளம்பியதும் அவள் ரவிக்கை நனைந்துவிடும். குழந்தை மடியிலேயே இருக்கும், பால் குடித்துக்கொண்டுகூட இருக்கும், ஆனாலும் அவளுடைய உடம்பு முழுவதும் கிணற்றுப் பக்கம் இழுக்கும். அவளைத் தனியாக விடக் கூடாது என்று பெண்கள் பேசி முடிவு செய்தார்கள். பொழுது சாயப் போகிறது என்றால் பாவாயக்கா முதல் ஆளாகப் பணியாரமோ வறுத்த கடலையோ தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள், பின்னால் இன்னும் நாலு பெண்கள் வருவார்கள். டிவியைச் சத்தமாக வைப்பார்கள். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நெருக்கி உட்கார்ந்து, கதை பேசி, சிரித்து, ஒருத்தி அவள் தலையில் பேன் பார்க்க, பாவாயக்கா அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். சத்தம் நின்று, டிவியைக் குறைத்து, அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். பாவாயக்கா போகும்போது முந்தானையால் மேகலாவின் முகத்தைத் துடைத்துவிட்டுப் போவாள். பாசமாகத்தான் துடைத்தாள், அதில் பொய் இல்லை.

மடியில் இருக்கும் தாரணியும் அந்த நேரத்தில் ஒன்று செய்யும். பால் குடிப்பதை விட்டுவிட்டு வாசல் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும். சத்தம் நின்றதும் முகம் சுருங்கிப்போகும். யாருக்காகப் பார்க்கிறது என்று மேகலாவுக்கு வெகு நாள் புரியவில்லை. தாய் இங்கேதான் இருக்கிறாளே.

பழைய பொட்டிக்குள் குட்டி வளர்ந்ததை நாங்கள் மறந்திருந்தோம். ஐப்பசியில், மழை ஏமாற்றிவிட்டு வானம் செக்கச்செவேலென்று கிடந்த ஒரு மாலையில், கிணற்றுக்குள்ளிருந்து வழக்கமான அழுகை வந்தது, நின்றது, தேம்பியது, பிறகு தெளிவாக, "ம்மா" என்றது.

வாசலில் யாரோ கத்தினார்கள். "புள்ள பேசிருச்சு! புள்ள பேசிருச்சு!"

ஊரே எழுந்து நின்றது. முதல் வார்த்தை அல்லவா. ஒருத்தி சர்க்கரை டப்பாவை எடுக்க அடுக்களைக்குள் ஓடினாள். மேகலாவின் மடியில் தாரணி வாசலைப் பார்த்தபடி உதடுகளைச் சேர்த்துப் பிரித்தது, சத்தமில்லாமல். கிணற்றிலிருந்து மறுபடியும், "ம்மா." மேகலா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். பாவாயக்காவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கியது.

"உக்காரு அம்மிணி. நீ போனா நரி வராது."

சொன்ன பிறகுதான் பாவாயக்காவுக்குத் தன் வாய் என்ன சொன்னது என்று காதில் விழுந்தது.  மேகலா தன் மணிக்கட்டைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தாள், தட்டில் இருந்த பணியாரத்தைப் பார்த்தாள்.

"இத்தன நாளா என்னையக் கட்டியா போட்டிருந்தீங்க அக்கா?"

பாவாயக்கா கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டியபடியே வைத்திருந்து, "புள்ளைய எங்கிட்டக் குடு" என்றாள். "குடுத்துட்டு ஓடு சாமி. ஓடு."

மேகலா ஓடினாள். வழியில் நின்றிருந்த ஆண்கள் ஏம்மா, எங்கம்மா போற, காரியம் கெட்டுப்போகும் என்றார்கள், ஆனால் குறுக்கே விழுந்து தடுக்கும் தைரியம் ஒருவருக்கும் இல்லை, அதையாவது எங்களுக்கு நல்லதாக எழுதிக்கொள்ளலாம். வேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து எழுந்து இரண்டு கையையும் விரித்தார். "அம்மிணி, உள்ள நரி கெடக்குது! விழுந்திருக்குது!" அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்குக் கேட்கவில்லை, பஞ்சு அடைத்திருந்தது. அவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சோளத்தட்டை விலக்கி, கிணற்றுச் சுவரில் நீட்டியிருந்த படிக்கல்லில் கால் வைத்து, படி முடிந்த இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாச்சிமுத்து காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார், அவளைக் கூப்பிடுவதற்காகத்தான் பிடுங்கினார். பேத்தியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து அவர் காதில் விழுந்தது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கிணற்றுக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை, பிற்பாடு மேகலா சொன்னதுதான். அடியில் இரண்டு நரிகள் இருந்தனவாம். உறுமவில்லை, சுவரைப் பிராண்டவில்லை, பொட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தனவாம். "வரவேண்டியவ வந்துட்டாங்கற மாதிரி ரெண்டும் எந்திரிச்சு எனக்கு எடம் விட்டுச்சுங்க" என்றாள். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொட்டியை அவிழ்த்து, மடியில் போட்டு, வந்துட்டேன் சாமி, அம்மா வந்துட்டேன் என்று சொல்லி, குழந்தைக்குக் கொடுப்பதுபோலவே மாரில் சேர்த்துக்கொண்டாள். பொட்டி இன்னும் பெரிதாக அழுதது, நேரம் கழித்து வந்த தாயைக் கண்டால் குழந்தை அப்படித்தான் அழும். பிறகு விக்கியது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு அதில் ஒன்றுமே இல்லை, வெறும் பிளாஸ்டிக்.

அந்த நேரத்தில் பாவாயக்காவின் மடியில் தாரணி அழ ஆரம்பித்தாள்.

அவளுக்கு அழ வேண்டியது நிறைய இருந்தது. பசித்ததற்கும் பல் முளைத்ததற்கும் எறும்பு கடித்ததற்கும் ஒவ்வொரு மாலையும் வாசலைப் பார்த்துப் பார்த்து ஏமாந்ததற்கும் சேர்த்து அழுதாள். மேகலா கயிற்றைப் பிடித்து மேலேறி, புழுதியும் கீறலுமாக ஓடிவந்து வாங்கிக்கொண்ட பிறகும் அழுதாள், தாயின் தோளில் தலை சாய்த்துக்கொண்டே அழுதாள். ஊரில் ஒருவரும் பிள்ளையை அமத்தும்மா என்று சொல்லவில்லை. கதவைத் திறந்துகொண்டு நாங்கள் தெருவுக்கு வந்தோம். நரிகளும் வந்திருந்தன. கூப்பிட்டால் வருவது அவற்றின் சுபாவம். ஒரே தெருவில், ஒரே வாசலைப் பார்த்துக்கொண்டு, இந்த ஓரம் அவையும் அந்த ஓரம் நாங்களும் நின்றோம், நெடுநேரம். அவை பசித்து வந்தவை. நாங்கள் எதற்காக வந்தவர்கள் என்று யோசித்துப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

விடிந்ததும் நாச்சிமுத்து ஒரு பனங்கட்டையைக் கிணற்றுக்குள் சாய்த்து வைத்தார். இரண்டு நரிகளும் அதன்மேல் நடந்து ஏறி, அவரைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டன. அவர் மருமகளிடம் பேசிப் பல மாதமாகிறது. அவள் சோறு போடுகிறாள், அவர் சாப்பிடுகிறார். லோகு வந்தான், பொட்டியைத் திறந்து பார்த்தான், ரிப்பேர் ஆகாது என்றான். யாரும் ரிப்பேர் பண்ணச் சொல்லவில்லையே என்று மேகலா கேட்டாள்.

நரிகள் மறுபடியும் குட்டி தூக்குகின்றன. காலையில் பட்டிக்குப் போய் எண்ணிப் பார்க்கிற வீடுகளில் பெருமூச்சு கேட்கிறது. போன வாரம்கூட ரேஷன் கடைக்கு முன்னால் இரண்டு பேர் தலையைச் சேர்த்துக்கொண்டு செல்போனில் ஏதோ பொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகலா தாரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாகப் போகவும் போனைப் பையில் போட்டுக்கொண்டார்கள். தாரணி இப்போது ஓயாமல் பேசுகிறாள்.

எங்களை விடாமல் அரிப்பது பழைய பொட்டிதான். கன்னிமார் கோயில் மேடையில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது, பொழுது சாய்ந்தால் இருமிக்கொண்டு கூப்பிடுகிறது. அது யாரைக் கூப்பிடுகிறது என்று முன்பு எங்களுக்குத் தெரியாது. இப்போது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் தாயாட்டைக் கட்டிப்போடுவதில்லை, எந்தத் தாயாவது போய் நின்று பார்க்கட்டும் என்று அவிழ்த்துவிடுகிறோம். ஆடுகள் அந்தப் பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேயப் போய்விடுகின்றன.

பாவாயக்கா மட்டும் தினமும் போகிறாள். முதல் நாள் அவளே பொட்டியை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள், தடவிக் கொடுத்தாள், உங்கம்மாளக் கட்டிப் போட்டது நாந்தான் கண்ணு என்று சொல்லிப் பார்த்தாள். அது ஓயவில்லை. அது கூப்பிட்டது அவளை அல்ல. அதனால் இப்போதெல்லாம் அவள் மேடைக்குப் பக்கத்தில், கொறங்காட்டைப் பார்த்துக்கொண்டு நின்று, கையை வாயில் குவித்து, "வெள்ளச்சீ... வெள்ளச்சீ..." என்று கூப்பிடுகிறாள். பொட்டி ஒரு முறை கூப்பிடும், அவள் ஒரு முறை கூப்பிடுவாள். இருட்டுகிறவரை இரண்டு பேரும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், வீடுகளில் டிவியைக் குறைத்து வைத்துவிட்டு நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.